மீன் விற்கும் அத்தைக்கு மீன் எண்ணெய் விற்றவன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டினாலும் ஒட்டினார்கள், நம்ம ஹாஸ்டலில் ஆளாளுக்குக் கவிஞர் ஆகிவிட்டார்கள். காதல் கவிதை மட்டும் நாற்பது வந்திருப்பதாகக் கேள்வி! எனக்குக் கவிதை வராது. ரெக்கார்டு நோட்டையே பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதுகிறவன் நான். ஆனாலும் ஒன்றரை வருஷமாக ஒரு விஷயம் தொண்டையில் சிக்கிய மீன் முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, மீன் விற்கிறவர். ஊர் தூத்துக்குடிப் பக்கம். விடியற்காலை நாலு மணிக்குக் கடற்கரைக்குப் போய், ஏலத்தில் சாளையோ, அயிலையோ, காரலோ எடுத்து, கூடையை ஏற்ற மாட்டேன் என்கிற கண்டக்டரோடு சண்டை போட்டு, மூன்று ஊர் நடந்து விற்றுவிட்டு மதியம் வீடு திரும்புவார். எனக்கு முதல் வருஷ ஃபீஸ் கட்டியதில் பாதி அந்தக் கூடையிலிருந்து வந்த பணம். அந்த அத்தைக்கு நான் மீன் எண்ணெய் மாத்திரை விற்றேன். இரண்டு பாட்டில். பாட்டிலுக்கு 60 மாத்திரை, விலை 1,200 ரூபாய்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கமிஷன் கணக்குத்தான் வந்தது.

இரண்டாம் வருஷம் படிக்கும்போது, இங்கே படித்து முடித்துப்போன ஒரு சீனியர் என்னைத் தேடி வந்தார். "மாப்ள, அரியர் வச்சுக்கிட்டு அப்ரண்டிஸுக்கு அலையப் போறியா, இல்ல மாசம் லட்ச ரூபாய் சம்பாதிக்கப் போறியா?" என்று கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் ஒன்றில் கூட்டம். மே மாத வெயிலில் கோட்டு, டை கட்டிக்கொண்டு ஒருவர் பேசினார். நீ இரண்டு பேரைச் சேர், அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்ப்பார்கள், அப்புறம் நீ படுத்துத் தூங்கினாலும் பணம் வரும் என்றார். விற்க வேண்டியது மீன் எண்ணெய் மாத்திரை, புரதப் பவுடர், "ரத்தத்தைச் சுத்தம் செய்யும்" ஏதோ ஒரு பச்சை மாத்திரை. பி.பி., சுகர், மூட்டுவலி, ஞாபக மறதி என்று அவர் சொல்லாத வியாதி இல்லை. எல்லாவற்றுக்கும் அதே மூன்று டப்பாதான். ஒரே ஸ்பானரை வைத்து எல்லா நட்டையும் கழற்றுகிற மெக்கானிக்கை நம் ஒர்க்‌ஷாப்பில் விடுவார்களா? அந்தக் கேள்வி எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

கணக்கு வாத்தியார் இதைப் படிக்க நேர்ந்தால் என்னை மன்னிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு பேர் என்று போனால் இருபதாவது படி முடிகிறபோது மொத்தம் 20 லட்சத்து 97 ஆயிரம் பேர் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தூத்துக்குடி மாவட்டத்தில் கைக்குழந்தையையும் சேர்த்து இருந்தவர்களே சுமார் 17.5 லட்சம் பேர்தான். இந்த மாதிரி சங்கிலித் திட்டங்களைத் தடுக்க 1978-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். 2021-ல் நேரடி விற்பனைக்கென்று வந்த விதிகளிலும் பிரமிடு திட்டம் கூடாது என்று இருக்கிறது. நான் இதையெல்லாம் படித்தது அடிபட்டதற்குப் பிறகு.

சரி, அத்தை கதைக்கு வருகிறேன். அத்தைக்கு இரத்த அழுத்தம் உண்டு. 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்ததிலிருந்து வீட்டு வாசலிலேயே அழுத்தம் பார்த்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். காலணா செலவில்லை. நான் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்து, மண்டபத்தில் கேட்டதை அப்படியே ஒப்பித்தேன். அத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். பாட்டிலில் இருந்த மீன் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் மருமவனே, இது நம்ம சாளை எண்ணெய்தானா?" என்று கேட்டார். "அது இல்ல அத்தே, வெளிநாட்டுச் சரக்கு" என்றேன். காசை எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்து ஒன்று கேட்டார்: "அப்ப அந்த அரசாங்க மாத்திரை எதுக்கு?"

நான் நிறுத்தச் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் சொன்னது இது: "அதெல்லாம் வேண்டாம்னா விட்ருங்க அத்தே, இதுதான் வேரோட சரிபண்ணும்."

ஒன்றரை மாதம் கழித்து, விற்கப்போன ஊரில் கூடையை இறக்கி வைக்கும்போதே அத்தை தலைசுற்றி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அழுத்தம் 200-க்கு 110. நல்லவேளை, கை கால் இழுத்துக்கொள்ளவில்லை. "தினமும் போடுற மாத்திரையை யாரும்மா நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டரம்மா கேட்டார். நான் கட்டில் பக்கத்தில்தான் நிற்கிறேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நானாத்தான் நிறுத்துனேன் டாக்டர், மறதி" என்றார்.

இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அதற்கப்புறம் நூலகத்திலும், ஊரில் மருந்தாளுநராக இருக்கும் ஒரு அண்ணனிடமும் உட்கார்ந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். உங்களில் எத்தனை பேர் பையில் அதே பாட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்!

முதலில் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் "மீன் எண்ணெய் 1,000 மி.கி." என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில், பெரும்பாலான சாதாரண மாத்திரைகளில், இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று போட்டிருப்பார்கள். ஒமேகா-3 என்று ஊரெல்லாம் பேசுகிற சரக்கு முக்கியமாக இந்த இரண்டும்தான். கூட்டினால் 300 மி.கி. மிச்சம் 700-ம் வேறு கொழுப்பு. மீன் எண்ணெய்க்கு இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் குணம் கொஞ்சம் உண்டு, அதை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தினம் இரண்டு மூன்று கிராம் ஒமேகா-3 எடுத்தால்தான் சில புள்ளிகள் இறங்கும். 3 கிராமுக்கு எத்தனை மாத்திரை? பத்து. என் அத்தை தினம் இரண்டு போட்டார். பத்தே போட்டிருந்தாலும் 200-ல் இருந்து நாலைந்து கழித்தால் என்ன மிஞ்சும்? வெர்னியர் காலிப்பரை வைத்துக்கொண்டு தென்னை மர உயரம் அளந்த கதைதான்.

பத்து மாத்திரை என்றால் தினம் 200 ரூபாய். அந்தக் காசுக்கு அத்தையின் கூடையிலேயே அன்றைக்கு ஒரு கிலோவுக்கு மேல் சாளை வாங்கியிருக்கலாம். 100 கிராம் சாளையில் சுமார் ஒரு கிராம் ஒமேகா-3 இருக்கிறது. கொழுத்த பருவத்தில் இன்னும் கூடும். அயிலையிலும் நிறைய உண்டு. அதோடு புரதம், சுண்ணாம்புச் சத்து எல்லாம் சேர்ந்தே வருகிறது. இந்த ஒமேகா-3-ஐ மீன் தானாகச் செய்வதும் இல்லை. கடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி செய்கிறது, சின்ன மீன் அதைத் தின்கிறது, அதைப் பெரிய மீன் தின்கிறது. உலகச் சந்தைக்கு வருகிற மீன் எண்ணெயில் கணிசமான பங்கு பெரு நாட்டுக் கடலில் பிடிக்கிற நெத்திலி வகையிலிருந்து வருகிறது. நெத்திலிக்கு நம்ம கடலில் என்ன குறைச்சல்? மேற்குக் கரையில் ஒரு காலத்தில் சாளை எண்ணெயை மரப்படகுக்குப் பூசினார்கள். நாம் அதே சங்கதியை டப்பாவில் போட்டு டாலர் விலைக்கு வாங்குகிறோம். (ஒரு எச்சரிக்கை: மீன் நல்லது என்றதும் கருவாட்டில் இறங்கிவிடாதீர்கள். பி.பி. உள்ளவர்களுக்கு அந்த உப்பு ஆகாது. இதைச் சொன்னதற்கு அத்தை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.)

மீன் எண்ணெய் மேல் உலகத்துக்கு மோகம் வந்த கதை சுவாரசியமானது. பழைய மோகம் காட் மீனின் ஈரல் எண்ணெய். ஐரோப்பாவில் வெயிலைப் பார்க்காத, புகை மண்டிய ஊர்களில் பிள்ளைகளுக்குக் கால் வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோய் இருந்தது. 1919-ல் மெல்லன்பி என்ற ஆங்கிலேயர் நாய்க்குட்டிகளுக்கு அந்த நோயை வரவழைத்து, காட் ஈரல் எண்ணெய் கொடுத்துக் குணமாக்கிக் காட்டினார். 1922-ல் மெக்காலம் என்ற அமெரிக்கர் அதில் வேலை செய்வது வைட்டமின் ஏ அல்ல, வேறொன்று என்று பிரித்துச் சொன்னார். அதுதான் வைட்டமின் டி. இரண்டாம் உலகப் போரில் காட் எண்ணெய் இறக்குமதி தடைபட்டதும், நம்ம சென்னை மாகாணத்தில் சுறா ஈரல் எண்ணெய் எடுத்தார்கள். ஆக, பாட்டி காலத்து மீன் எண்ணெய்க்கு ஒரு நியாயம் இருந்தது. குறைபாடு இருந்தது, குறைந்ததைக் கொடுத்தார்கள், குணமானது.

இப்போதைய மோகம் வேறு. 1970-களில் பாங், டையர்பெர்க் என்ற இரண்டு டென்மார்க் டாக்டர்கள் கிரீன்லாந்துக்குப் போனார்கள். மீனும் சீல் கொழுப்புமாகவே வாழ்கிற எஸ்கிமோ மக்களின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். அங்கே மாரடைப்பு குறைவு, காரணம் கடல் கொழுப்பு என்று ஒரு கருத்து பரவியது. ஆனால் அவர்கள் மாரடைப்பை நேரடியாக எண்ணிப் பார்க்கவில்லை, அங்கிருந்த மருத்துவப் பதிவேடுகளையே நம்பினார்கள் என்று 2014-ல் வேறு சிலர் சுட்டிக்காட்டினார்கள். டாக்டரே இல்லாத பனிக் குடியிருப்புகளில் பதிவேடு எந்த லட்சணத்தில் இருந்திருக்கும்?

1999-ல் இத்தாலியில் மாரடைப்பு வந்து பிழைத்த 11,324 பேரை வைத்து நடந்த ஆய்வில், தினம் ஒரு கிராம் எடுத்தவர்களிடம் சாவு குறைந்தது. அதோடு உலகமே மாத்திரை வாங்கக் கிளம்பியது. பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் அந்தப் பலன் கரைந்துபோனது. 2018-ல் வெளியான இரண்டைச் சொல்கிறேன். ஒன்றில் சர்க்கரை நோயாளிகள் 15,480 பேர். இன்னொன்றில் இதய நோயே இல்லாத, நடுவயது தாண்டியவர்கள் 25,871 பேர். இரண்டிலும் தினம் ஒரு கிராம் மீன் எண்ணெய். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சும்மா மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. 2020-ல் 86 ஆய்வுகளை, 1,62,796 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழுவும் பலன் சிறிது, அல்லது இல்லவே இல்லை என்றுதான் எழுதியது.

இங்கே என் அறைத்தோழன் குறுக்கே விழுவான். "லே, 2018-லயே இன்னொரு ஆய்வுல 25 சதவீதம் குறைஞ்சுதுன்னு வந்துச்சே, அதை ஏன் மறைக்கிற?" மறைக்கவில்லை. சுத்திகரித்த இ.பி.ஏ. மட்டும், தினம் 4 கிராம், டாக்டர் சீட்டோடு, ஏற்கெனவே இதய நோயோ சர்க்கரையோ இருந்து டிரைகிளிசரைடு கூடிய 8,179 பேருக்குக் கொடுத்தார்கள். இதய நிகழ்வுகள் கால்வாசி குறைந்தன. பெரிய விஷயம்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் கூட்டத்துக்குக் கொடுத்த கனிம எண்ணெயே அவர்களுக்குக் கெடுதல் செய்து, வித்தியாசத்தைப் பெரிதாகக் காட்டிவிட்டதோ என்று இன்னும் சண்டை ஓயவில்லை. 2020-ல் 13,078 பேருக்கு, சோள எண்ணெயோடு ஒப்பிட்டு, 4 கிராம் ஒமேகா-3 கலவை கொடுத்த இன்னொரு ஆய்வைப் பலன் இல்லை என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இந்த இரண்டு ஆய்விலும் ஒத்துப்போன சங்கதி ஒன்று உண்டு. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' கோளாறு மருந்து எடுத்தவர்களிடம் கூடியிருந்தது. இதயத்துக்கு நல்லது என்று விற்கிற பொருளுக்கு இப்படி ஒரு பின்பக்கம்! மண்டபத்துக் கோட்டு மனிதர் இதைச் சொல்லவே இல்லை.

டிரைகிளிசரைடு ரொம்ப ஏறியவர்களுக்கு அது கணிசமாகக் குறையும் என்பது உறுதியான பலன். அதற்கும் 4 கிராம் கணக்குத்தான், டாக்டர் மேற்பார்வைதான். ஆஸ்பிரின், வார்ஃபரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், ஆபரேஷனுக்குப் போகிறவர்கள், மீன் எண்ணெய் எடுப்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நம்ம ஆட்கள் "அது மருந்து இல்லையே, சத்து மாத்திரைதானே" என்று சொல்லாமல் விடுகிறார்கள்.

"சத்து மாத்திரைதானே" என்கிற இந்தப் பேச்சுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. சத்து என்றால் கெடுதலே செய்யாது என்று நினைக்கிறோம். டீக்கடைப் பக்கம் ஒதுங்கிப் புகை விடுகிற நண்பர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது படிக்க வேண்டும். காரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டின் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம்! தற்செயலாக இருக்கும் என்றார்கள். அமெரிக்காவில் புகைபிடிக்கிறவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவர்கள் என்று 18,314 பேரை வைத்து, வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஆய்வை 1996 ஜனவரியில் குறித்த நாளுக்கு முன்பே நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே 28 சதவீதம் அதிகம். காரட் தின்றால் இப்படி ஆவதில்லை. அந்த ஒரு சரக்கை மட்டும் பிரித்து, அளவுக்கு மீறி ஏற்றியதில் வந்த வினை. நாளைக்கு வெல்டிங் புகையிலும் பட்டறைத் தூசியிலும் நிற்கப்போகிறவர்கள் நாம். "நுரையீரலைச் சுத்தம் செய்யும்" என்று யாராவது டப்பாவை நீட்டினால் பின்லாந்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஈரல் எண்ணெய் விஷயமும் அப்படித்தான். வைட்டமின் ஏ, டி இரண்டும் கொழுப்பில் கரைகிறவை. கூடுதலாகப் போனதை உடம்பு சுலபமாக வெளியே தள்ளாது, சேர்த்து வைக்கும். துருவக் கரடியின் ஈரலை எஸ்கிமோக்கள் தொடுவதில்லை, அதில் அத்தனை வைட்டமின் ஏ. கர்ப்பிணிகளுக்கு அது அளவு மீறினால் குழந்தையின் உருவமே பாதிக்கப்படலாம். வைட்டமின் டி-யில் 60,000 யூனிட் பாக்கெட் ஒன்று மெடிக்கலில் கிடைக்கும். வாரத்துக்கு ஒன்று என்று எழுதிக்கொடுப்பதைத் தினம் ஒன்று போட்டு, இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகக் கோளாறுமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஓவர் ஹெட் டேங்க் நிரம்பினால் மோட்டாரை நிறுத்த ஓடுகிறோம். உடம்பு விஷயத்தில் மட்டும் வழிய வழிய ஊற்றுகிறோம்.

ஜிம் நண்பர்கள் என்மேல் கோபப்படக் கூடாது. மெஸ் பில் பாக்கி வைத்துவிட்டு மூவாயிரம் ரூபாய்க்குப் புரதப் பவுடர் வாங்குகிறீர்கள். 2024-ல் இந்தியச் சந்தையில் இருந்த 36 புரதப் பவுடர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். அதில் 25-ல் டப்பாவில் எழுதியதும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் எழுதியதில் பாதிகூட இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சு. அதே ஆண்டு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியிலும் உடம்பு ஏற்றப் புரதப் பவுடர் வேண்டாம் என்றே இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஆளுக்குத் தினம் வேண்டியது சுமார் 50 கிராம் புரதம். முட்டை ஒன்றில் 6 கிராம், நூறு கிராம் வேர்க்கடலையில் 25. நம்ம மெஸ் சாம்பாரில் எத்தனை பருப்பு இருக்கிறது என்பதை மட்டும் என்னால் கணக்கிட முடியவில்லை, மன்னிக்கவும்.

இன்னும் மோசமானதும் உண்டு. 2007 முதல் 2016 வரை அமெரிக்க அரசு பிடித்த 776 'சத்து' தயாரிப்புகளில் லேபிளில் சொல்லாமல் மருந்து கலந்திருந்தது. ஆண்மைக்கு, எடை குறைய, சதை ஏற என்று விற்றவைதான் பெரும்பாலும். எடை குறைக்கும் டப்பாக்களில் கலந்திருந்த சிபுட்ரமின், இதயத்துக்கு ஆபத்து என்று 2010-ல் சந்தையிலிருந்தே எடுக்கப்பட்ட மருந்து. நம் நாட்டில் இந்த மாதிரி டப்பாக்கள் மருந்துச் சட்டத்தின் கீழ் வராது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் உணவு வகையாக வருகின்றன. "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று லேபிளில் அச்சடித்தே ஆக வேண்டும். நான் விற்ற பாட்டிலிலும் அது இருந்தது. இங்கிலீஷில், கொசு அளவு எழுத்தில். படித்தவன் நான் படிக்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற அத்தையை என்ன சொல்ல?

அப்படியானால் மாத்திரை என்றாலே தூக்கி எறி என்கிறேனா? இல்லவே இல்லை. அப்படிச் சொன்னால் அது இன்னொரு மண்டபத்துப் பேச்சு. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் நீல நிற மாத்திரை கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும். 2013-ல் தொடங்கிய திட்டம். நாம் என்ன செய்தோம்? டீச்சர் பார்க்காத நேரத்தில் ஜன்னல் வழியாக வீசினோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. நம்ம வகுப்பிலும் மாடிப்படி ஏறி வந்ததும் மூச்சு வாங்குகிற தங்கைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த நீல மாத்திரை, கூடவே ஒரு எலுமிச்சை அல்லது நெல்லிக்காய். சாப்பாட்டோடு டீ வேண்டாம், அது இரும்பைச் சேரவிடாது. ஃபோலிக் அமிலத்தைப் பற்றி 1991-ல் வந்த ஆய்வு இன்னும் அழகு. முதல் குழந்தை தண்டுவடக் குறையோடு பிறந்த தாய்மாருக்கு அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே கொடுத்ததில், அதே குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஒமேகா-3-கூட குறைப்பிரசவத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. அசைவம், பால், முட்டை எதுவுமே தொடாதவர்களுக்கு பி-12 வெளியிலிருந்து தேவை. குறை இருக்கிற இடத்தில் இவை மருந்துக்கு மேல்.

வேடிக்கை என்னவென்றால், பலன் நிரூபணமான மாத்திரையை அரசாங்கம் சும்மா கொடுக்கிறது, நாம் வீசுகிறோம். நிரூபணமாகாததை 1,200 கொடுத்து வாங்குகிறோம். சும்மா கிடைப்பதற்கு மதிப்பில்லை என்று எவனோ நம் மண்டையில் ஏற்றி வைத்திருக்கிறான். அத்தை அரசாங்க மாத்திரையை நிறுத்தியதற்கும் அதுதான் காரணம். "ஓசி மாத்திரைதானே" என்று பிறகு அவரே சொன்னார்.

என் கருத்து இதுதான். இரத்தத்தைப் பரிசோதிக்காமல் சத்து மாத்திரை போடுவது, மீட்டரை வைத்துப் பார்க்காமல் ஃபியூஸ் மாற்றுவது மாதிரி. ஹீமோகுளோபின் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் பைசா கேட்பதில்லை. பேரவைக்கு இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். வருஷா வருஷம் இரத்ததான முகாம் நடத்துகிறோம், பெருமைதான். அதே நாளில் கொடுக்க வராதவர்களுக்கும், முக்கியமாக நம்ம மாணவிகளுக்கு, இரத்தசோகைப் பரிசோதனையும் வைக்க வேண்டும். இரண்டாவது, "பார்ட் டைம் வேலை" என்று ஹாஸ்டல் வாசலில் துண்டு நோட்டீஸ் கொடுக்க வருகிறவர்களை உள்ளே விடக்கூடாது, அவர்கள் நம்ம பழைய மாணவர்களாகவே இருந்தாலும் சரி. "நீ பண்ணதைத்தானே மத்தவனும் பண்றான், நீ யாருல தடுக்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பண்ணியவன் என்பதால்தான் சொல்கிறேன்.

என்னைச் சேர்த்துவிட்ட சீனியரை மூன்று மாதத்துக்கு முன் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவர் அறையில் விற்காத பாட்டில்கள் நாற்பது சொச்சம் கிடக்கிறதாம், பாதி காலாவதி. மீன் எண்ணெய் காற்றும் சூடும் பட்டால் சிக்குப் பிடித்துவிடும். ஒன்றை உடைத்து முகர்ந்து பார்த்தாராம். "கருவாட்டுக் கடை மாதிரி நாறுது மாப்ள" என்றார். இருவரும் டீ குடித்தோம். காசு நான்தான் கொடுத்தேன்.

அத்தை இப்போது பழையபடி அரசாங்க மாத்திரை போடுகிறார். போன வாரம் 130-க்கு 84. கூடையைக் குறைத்துக்கொண்டு இரண்டு ஊரோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த 2,400 ரூபாயை நான் திருப்பித் தருவதாகச் சொன்னபோது வாங்க மாட்டேன் என்றுதான் பிடிவாதம் பிடித்தார். லீவில் ஒர்க்‌ஷாப் வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, மாசம் 300 வீதம் அவருடைய சுருக்குப் பையில் நானே போட்டுவிட்டு வருகிறேன். ஐந்து தவணை ஆகிவிட்டது. இன்னும் 900 பாக்கி.